முதுகில் நசுங்கிய நரம்பு... சிங்கப்பூருக்குப் போனது படம் மட்டும்!

மக்காச்சோளத்துக்கு மருந்து கேட்டு அழைக்கும் விவசாயிகள், பேச்சை முடிக்கிற நேரத்தில், ‘சார், உங்களுக்கு முதுகுல ஆபரேஷன் பண்ணாங்களாமே... இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அக்கறையில் கேட்பவர்கள் உண்டு. ஆனால், பாதிப் பேர் தங்களுக்காகவோ, வீட்டில் படுத்திருக்கும் ஒருவருக்காகவோதான் கேட்கிறார்கள் என்பது அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சென்ற மாதம் இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கும் அப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது. பயிர் சம்பந்தம் இல்லாத கேள்வி என்பதால் ஆசிரியர் குழு என்னிடம் அனுப்பிவைத்தது. எழுதியவர் ஐந்து ஏக்கர் மானாவாரி விவசாயி. இடுப்பில் தொடங்கி வலது கால் நுனி வரை வலி. ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மருமகன், ‘வெளிநாட்டில் ஸ்டெம்செல் ஊசி போடுகிறார்கள், கத்தியே படாமல் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருக்கிறார். ‘இரண்டு ஏக்கரை விற்றுவிட்டுப் போகலாமா?’ என்பதுதான் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. வேளாண்மை படித்து, முப்பது ஆண்டுகளாகப் பெரம்பலூர்ப் பக்கம் வயலும் அலுவலகமுமாக அலைந்தவன். பயிருக்கு மருந்தளவு சொல்வேன். மனிதருக்குச் சொல்ல மாட்டேன். ஆனால், அதே நரம்பு, அதே பயம், அதே வெளிநாட்டு யோசனை என் வீட்டுக்குள்ளும் வந்து போனவைதான். அதனால், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2018-ம் ஆண்டு மக்காச்சோள விவசாயிகளுக்கு மறக்க முடியாத ஆண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பிய படைப்புழு அந்த ஆண்டுதான் இந்தியாவுக்குள் வந்தது. எங்கள் மாவட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் முழுக்கக் குருத்திலேயே சல்லடையானது. காலையில் இரண்டு சக்கர வண்டியை எடுத்தால், குண்டும் குழியுமான மண்பாதையில் ஊர் ஊராகப் போக வேண்டும். வயலில் இறங்கினால், செடி செடியாகக் குனிந்து குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் மாதம் ஒரு நாள் தும்மினேன். இடது புட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கணுக்கால் வழியாகப் பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஓர் இழுப்பு.

அதன்பிறகு உட்காருவதுதான் பெரும்பாடு. நின்றால் தாங்கும், நடந்தால் தாங்கும், நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கால் எரியும். அந்தப் பொங்கலன்று இலையைத் திண்ணை மேல் வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். மாமியார் வீட்டில் அது இன்றைக்கும் கேலிப் பேச்சு.

முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஐந்து இடுப்பு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு. நாம் ஜவ்வு என்று சொல்வது அதைத்தான். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொழகொழவென்று நீர்ப்பதமான பகுதி, சுற்றிலும் கடினமான நார் வளையம். வயது ஏற ஏற உள்ளே நீர் வற்றும். வளையத்தில் கீறல் விழும். குனிந்த நிலையில் பாரத்தைத் தூக்கித் திரும்பும்போது, உள்ளே இருப்பது கீறல் வழியாகப் பின்பக்கம் பிதுங்கும். பிதுங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையிலும் அதற்குக் கீழேயும்தான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. வலி காலில், வியாதி முதுகில். வாய்க்காலில் மடை அடைத்திருக்க, கடைமடைக்காரன் தன் வயலை வெட்டிப் பார்ப்பது மாதிரி, நிறைய பேர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எல்லாப் பிதுக்கமும் அறுவைக்குப் போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த வலி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானாகவே குறைந்துவிடுகிறது. வெளியே வந்து விழுந்த ஜவ்வுத் துண்டை உடம்பே சில மாதங்களில் கரைத்துவிடுவதும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் 283 நோயாளிகளை வைத்துச் செய்து, 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிந்து பார்த்தபோது, காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போனவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள். என் மருத்துவரும் முதலில் காத்திருக்கத்தான் சொன்னார். முழுநாளும் கட்டிலில் கிடக்காதீர்கள், முடிந்தவரை நடங்கள் என்றார்.

ஸ்கேன் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். ஐம்பது வயதுக்காரர்களில் வலியே இல்லாதவர்களைக் கூட்டிவந்து எம்.ஆர்.ஐ எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஜவ்வுப் பிதுக்கம் தெரியுமாம். ‘படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, ஆளுக்குத்தான் பார்க்கணும்’ என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. மண் பரிசோதனை அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வயலில் பயிர் எப்படி நிற்கிறது என்று பாராமல் உரம் சொல்ல முடியுமா?

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கமும் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு இரவில் மும்முனை மின்சாரம் வந்ததென்று மோட்டார் போட இருட்டில் போகாதீர்கள், பவர் டில்லர் ஓட்டாதீர்கள். மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்புக்குக் கெடுதல் இன்னும் அதிகம்.

ஐந்தாவது வாரத்தில் என் கதை மாறியது. வயல் வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த விவசாயி, ‘சார், செருப்பை விட்டுட்டு வந்துட்டீங்க’ என்று இடது செருப்பைக் கையில் எடுத்துவந்து கொடுத்தார். கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. அன்றிரவு சுவரில் சாய்ந்து நின்று இரண்டு பாதங்களையும் மேலே தூக்கிப் பார்த்தேன். வலது பெருவிரல் எழும்பியது; இடது எழும்பவில்லை. வினோதம் என்னவென்றால், வலி அப்போது முன்பைவிடக் குறைவாக இருந்தது. ‘வலி குறைஞ்சிருச்சுல்ல, அப்ப நல்லதுதானே?’ என்றார் மனைவி. மறுநாள் மருத்துவர் சொன்ன பதில் வேறு. வலி குறைந்து பலமும் குறைந்தால் நரம்பு ஆறுகிறது என்று அர்த்தம் இல்லை. சோர்கிறது என்று அர்த்தம். தசை பலத்தை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். 5 முழுப் பலம். என் விரல் 3-ல் இருந்து ஒரே வாரத்தில் 2-க்கு இறங்கியிருந்தது. இனி காத்திருக்க வேண்டாம் என்றார்.

அண்ணே, இங்க வந்துருங்க!

தம்பி சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாகக் கட்டட வேலை மேற்பார்வையாளன். விஷயம் தெரிந்ததும் தினமும் இரண்டு முறை போன். ‘அண்ணே, முதுகெலும்பு விஷயம். இங்க வந்துருங்க. திருச்சியில ஏறினா நாலு மணி நேரம், நான் ஏர்போர்ட்டுக்கு வந்துடுறேன். காசைப் பத்தி யோசிக்காதீங்க’ என்றான். அவன் சொன்னது வெறும் வாய்ப்பேச்சில்லை. வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். வீட்டில் இரண்டு கட்சி. அம்மா தம்பி பக்கம். ‘நம்ம ஊர்ல முதுகுல கத்தி வச்சா எந்திரிக்க முடியாது’ என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசு ஊழியர் வெளிநாடு போக வேண்டுமானால் துறையின் அனுமதி வாங்க வேண்டும். கோப்பு நகரும் வேகம் எனக்குத் தெரியும், என் விரல் பலம் இறங்கும் வேகமும் தெரியும். இங்கே என்றால் காப்பீட்டில் ஒரு பகுதி கிடைக்கும். அங்கே முழுத்தொகையும் கைப்பணம். வெளிநாட்டவருக்கு அந்த நாட்டு அரசின் மானியம் கிடையாது. அங்குள்ள தனியார் மருத்துவமனை சொன்ன உத்தேசத் தொகை, ஒரு புது டிராக்டரின் விலையைத் தாண்டியது. பணத்தைவிட முக்கியமானது, திரும்பி வந்தபிறகு புண்ணில் சீழ் வைத்தாலோ, மறுபடி வலித்தாலோ யாரிடம் காட்டுவது? அறுவை செய்தவர் கடல் தாண்டி இருப்பார். அறுவை முடிந்த உடம்போடு விமானத்தில் அசையாமல் உட்கார்ந்து வருவதில், கால் நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் இருக்கிறது.

தம்பியின் மனமும் நோகக் கூடாது. அதனால், எம்.ஆர்.ஐ படம் பதிந்த குறுந்தகட்டையும் மருத்துவர் எழுதிய குறிப்பையும் அவனுக்கு அனுப்பினேன். அவன் அங்கே ஒரு முதுகெலும்பு நிபுணரிடம் கட்டணம் கட்டிக் காட்டினான். இரண்டாம் கருத்து என்பது இதுதான். அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது, திருச்சி மருத்துவர் சொன்னதேதான். அதே இடம், அதே நரம்பு, அதே அறுவை. ‘உங்கள் அண்ணனை இங்கே அழைத்துவரும் நேரத்தில் அங்கேயே செய்துவிடச் சொல்லுங்கள்’ என்றும் சொன்னாராம். அன்று மாலை அம்மாவிடம் தம்பியே போனில் பேசிச் சமாதானம் செய்தான்.

இந்த வைத்தியம் வெளிநாட்டில் பிறந்தது என்பது உண்மைதான். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் இந்தக் கால்வலி வருகிறது என்பதையும், அதை அறுவை செய்து நீக்கலாம் என்பதையும் 1934-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதினார்கள். நுண்நோக்கி வைத்துச் சிறு கீறலில் செய்யும் முறையை 1977-ல் சுவிட்சர்லாந்தில் யாசர்கிலும், ஜெர்மனியில் காஸ்பரும் வெளியிட்டார்கள். அது நம் ஊருக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மற்ற நாட்டுக்காரர்கள் இதே அறுவைக்காகச் சென்னைக்கு விமானம் ஏறி வருகிறார்கள். படைப்புழுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது, முதுகு வைத்தியமும் அங்கிருந்துதான் வந்தது என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம்.

அப்படியானால் வெளிநாடே போகக் கூடாதா? அந்த நாட்டிலேயே குடியிருந்து, அங்கே காப்பீடு உள்ளவர் அங்கேயே செய்துகொள்வதுதான் சரி. இங்கே இல்லாத சிகிச்சை என்று இங்குள்ள மருத்துவரே எழுதிக்கொடுத்தால், அது வேறு கதை. சாதாரண ஜவ்வுப் பிதுக்கத்துக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஸ்டெம்செல் ஊசி விஷயத்தில் இன்னும் கறாராகவே சொல்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்களுக்கு மட்டும்தான் ஸ்டெம்செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்ற எதற்கானாலும் அது ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் சிகிச்சைக்கென்று காசு வாங்கக் கூடாது. காசு கேட்டால், அதுவும் நிலத்தை விற்கிற அளவுக்குக் கேட்டால், அது வியாபாரம். பதிவெண் இல்லாத பாட்டிலில் வரும் ‘அதிசய வளர்ச்சி ஊக்கி’யை விலை கேட்காமல் விரட்டுகிற நம் விவசாயிகள், இதில் மட்டும் ஏமாறலாமா?

அறுவைக்குப் பிறகு

பிப்ரவரியில் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான கீறல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் காலை எழுந்து நடக்கவிட்டார்கள். காலில் எரிந்துகொண்டிருந்தது போயே போய்விட்டது. ஆனால், விரல் அப்படியேதான் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. அறுவை அழுத்தத்தை எடுக்கும், நரம்பைப் புதுப்பிக்காது. சொட்டுநீர்க் குழாயை மாடு மிதித்துக்கொண்டு நின்றால் தண்ணீர் நிற்கும். மாட்டை விரட்டியவுடன் தண்ணீர் வந்துவிட்டால் நல்லது. வெகுநேரம் மிதித்ததில் குழாயே நைந்துபோயிருந்தால் காத்திருக்க வேண்டும். நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் வாரங்களில் சரியாகும். உள் இழை அறுந்திருந்தால், அது மறுபடி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். இடுப்பிலிருந்து பாதத்துக்கு எத்தனை அங்குலம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டும் கலந்து இருந்திருக்க வேண்டும். பாதம் தொங்கி இடறாமல் இருக்கச் செருப்புக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி மூன்று மாதம் போட்டேன். ஆறு வாரம் குனிய, தூக்க, இடுப்பைத் திருப்பத் தடை. குடத்தில் தண்ணீர் எடுப்பதுகூட இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையும் மாலையும் செய்தேன். பத்தாவது வாரம் விரல் லேசாகத் துடித்தது. மகள்தான் முதலில் கவனித்துக் கத்தினாள். ஆறு மாதத்தில் பலம் 4. இன்றைக்கும் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் நிற்கிறது. பாதத்தின் மேல்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போன இடம் ஒன்று அப்படியே இருக்கிறது. அதனால், வயலில் பின்பட்டை வைத்த செருப்புதான். செருப்புக்குள் முள் ஏறியிருக்கிறதா என்று இரவில் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

அறுவை செய்த இடத்திலேயே மறுபடி பிதுங்குவதும் உண்டு. நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு வரலாம் என்கிறார்கள். எனவே, தூக்குவதில் நான் மாறிவிட்டேன். யூரியா மூட்டை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆனது, டி.ஏ.பி இன்னும் 50-தான். இரண்டையும் தனியாளாகத் தூக்காதீர்கள். இரண்டு பேர் பிடியுங்கள், அல்லது பிரித்து அன்னக்கூடையில் எடுங்கள். முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பானைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி மாட்டாமல், திட்டு மேலோ வண்டி மேலோ வைத்து மாட்டுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டியும் போகாமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாதது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் சேர்ந்து பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். பெண்கள் இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அம்மாவிடமோ மனைவியிடமோ வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

இரண்டு பாதமும் ஒன்றுபோல எரிந்தால், முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். பால் கறப்பவர்களுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதென்றால், அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தமாக இருக்கலாம். அதற்கு முதுகில் ஸ்கேன் வேண்டாம்.

கடிதம் எழுதியவரிடம் போனில் பேசினேன். வலி வந்து ஐந்து வாரம் ஆகிறது. பாதத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சமமாக எழும்புகின்றன என்றார். சிறுநீரில் சிக்கல் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டேன், பீரோவில் இருக்கிறதாம். அதை எடுத்துக்கொண்டு திருச்சி அரசு மருத்துவமனைக்குப் போய் நரம்பு அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். போன வாரம் மறுபடி அழைத்தார். அறுவை இப்போதைக்கு வேண்டாம், ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நிலத்துக்கு முன்பணம் எதுவும் வாங்கவில்லை என்றார். மருமகனிடம் என்ன சொல்வது என்றுதான் சங்கடமாக இருக்கிறதாம். படத்தை அவருக்கு அனுப்பி, அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

இதே நேரத்தில், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடை செய்யும் ஓர் அம்மாவுக்கு வலியே இல்லாமல் ஒரு பாதம் தொங்கிவிட்டது. பக்கவாதம் என்று பயந்து அழைத்துவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. நாள் முழுக்கக் குந்தியிருந்தால் அது நசுங்கும். நரம்புச் சோதனையில் அதுதான் என்று உறுதியானது. அறுவை வேண்டியிருக்கவில்லை. குந்துவதை நிறுத்தி, தாங்கி போட்டு, மூன்று மாதத்தில் பாதம் எழுந்துவிட்டது. இப்போது ஒரு சாண் உயர மணை ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் பிடுங்குகிறார். ‘மணை போட்டு உக்காந்தா கூலியைக் கொறச்சிடுவாங்களோன்னு பயந்தேன் தம்பி. ஒண்ணும் சொல்லல. இப்ப இன்னும் நாலு பேரு மணை கொண்டாராங்க’ என்றார்.